காடிக்கு வயது சொல்வது யார்?



ஒரு பழைய காடி இன்னும் எத்தனை காலம் ஓடும் என்று நம் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். உடனே பதில் சொல்லிவிட மாட்டார்கள். கதவின் அடியில் துரு ஏறியிருக்கிறதா என்று குனிந்து பார்ப்பார்கள். எஞ்சினை முடுக்கச் சொல்லிக் காது கொடுத்துக் கேட்பார்கள். பின்பக்கம் போய்ப் புகையின் நிறத்தைப் பார்ப்பார்கள். அதற்குப் பிறகுதான், "இன்னும் அஞ்சு வருஷம் தாராளமா ஓடும்பா" என்று தீர்ப்பு வரும். பட்டறைக்காரரும் அதையே சொல்லிவிட்டால் அதற்கு மேல் அப்பீல் கிடையாது.

அந்தத் தீர்ப்பு இன்று வேறு கைகளுக்குப் போய்க்கொண்டிருக்கிறது. எப்படிப் போனது என்பதை ஜெர்மனியின் வோக்ஸ்வேகன் கம்பெனியின் கதையை வைத்தே பார்த்துவிடலாம்.

அந்தக் கம்பெனியின் வண்டு போன்ற சிறிய காடி உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். மலாயில் 'கூரா', அதாவது ஆமை என்பார்கள். ஃபெர்டினண்ட் போர்ஷே வடிவமைத்த அந்தக் காடியை, போர் முடிந்த 1945-ஆம் ஆண்டின் இறுதியில் வோல்ஃப்ஸ்பர்க் தொழிற்சாலை பொதுமக்களுக்காகச் செய்யத் தொடங்கியது. 2003-இல் மெக்சிகோவின் புவெப்லா நகரில் கடைசி வண்டி வெளிவந்தபோது கணக்கு 2 கோடியே 15 இலட்சத்தைத் தாண்டியிருந்தது. எஞ்சின் பின்னால் இருக்கும். காற்றாலேயே குளிரும், ரேடியேட்டர் கிடையாது. எஞ்சினைப் பிடித்துக்கொண்டிருப்பவை நான்கே போல்ட்டுகள். கைப்பழக்கம் உள்ளவர் அதைக் கீழே இறக்கிப் பழுது பார்த்து மறுபடி ஏற்றிவிடுவார். அதன் ஆயுள் சொந்தக்காரரின் பொறுமையையும் பட்டறைக்காரரின் திறமையையும் பொறுத்தது, அவ்வளவுதான்.

வேடிக்கை என்னவென்றால், காடிக்கு மின்னணு மூளை வைத்துப் பெருமளவில் விற்றதிலும் இதே கம்பெனிதான் முந்திக்கொண்டது. 1967-இன் பிற்பகுதியில் அமெரிக்கச் சந்தைக்குப் போன வோக்ஸ்வேகன் 1600 காடியில், எவ்வளவு பெட்ரோல் தெளிக்க வேண்டும் என்பதை போஷ் நிறுவனத்தின் மின்னணுப் பெட்டி முடிவு செய்தது. அமெரிக்காவில் புகைக் கட்டுப்பாடு வந்துவிட்டது. கார்புரேட்டரை நம்பினால் ஆகாது என்ற நிலை. அந்தப் பெட்டியில் மென்பொருள் என்று ஒன்றும் இல்லை, டிரான்சிஸ்டர் சுற்றுகள் மட்டுமே. 1979-இல் பிஎம்டபிள்யூ 732ஐ காடியில் எண்முறைக் கணினி எஞ்சினுக்குள் வந்தது. அதன் கட்டளைகள் சில்லில் பதிந்தவை. மாற்ற வேண்டுமானால் சில்லையே மாற்ற வேண்டும். பிற்காலத்தில் அழித்து எழுதக்கூடிய நினைவகச் சில்லுகள் வந்தன. அதன் பிறகு ஒரு கம்பியைச் செருகினால் போதும், விற்றுப் பல ஆண்டுகள் ஆன காடியின் குணத்தையே மாற்றிவிடலாம்.

2013-இல் அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் டீசல் காடிகளின் பின்பகுதியில் அளவைக் கருவிகளை ஏற்றிக்கொண்டு சாலைக்குப் போனார்கள். வோக்ஸ்வேகன் பசாட் ஒன்றை லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து சியாட்டல் வரை ஓட்டித் திரும்பினார்கள். பசாட்டின் நைட்ரஜன் ஆக்சைடு புகை சட்டம் அனுமதித்ததைப் போல் 5 முதல் 20 மடங்கு; அதே கம்பெனியின் ஜெட்டாவிலோ 15 முதல் 35 மடங்கு! சோதனைக் கூடத்தில் மட்டும் இரண்டும் சாதுவாக இருந்தன. காரணம் மென்பொருள். ஸ்டியரிங் திரும்புகிறதா, வேகம் என்ன, எவ்வளவு நேரமாக ஓடுகிறது என்பதையெல்லாம் கவனித்து, 'இது சோதனை' என்று தெரிந்துகொண்டு அடக்கமாக நடந்தது. இன்ஸ்பெக்டர் வரும் நாளில் மட்டும் வாய் திறக்காத வகுப்பு நினைவுக்கு வருகிறதா?

2015 செப்டம்பர் 18-ஆம் தேதி அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகாமை குற்றச்சாட்டை வெளியிட்டது. உலகெங்கும் ஏறத்தாழ 1 கோடியே 10 இலட்சம் வண்டிகளில் இந்த மென்பொருள் இருப்பதைக் கம்பெனியே ஒப்புக்கொண்டது. அக்டோபரில் ஜெர்மனியின் கூட்டரசு மோட்டார் போக்குவரத்து ஆணையம், அந்நாட்டில் ஓடும் 24 இலட்சம் காடிகளுக்குக் கட்டாயத் திருத்தம் செய்ய வேண்டும் என்று கட்டளையிட்டது. பெரும்பாலான வண்டிகளுக்கு அது மென்பொருள் மாற்றம் மட்டுமே, 1.6 லிட்டர் எஞ்சினுக்குக் கூடவே காற்றுக் குழாயில் சல்லடை போன்ற ஒரு சிறு துண்டு. ஒரு மணி நேரத்துக்குள் வேலை முடிந்துவிடும். மறுத்தவர்களின் காடி சாலையில் ஓடக்கூடாது என்று பதிவு அலுவலகங்கள் தடை விதித்தன. 2018-இல் நீதிமன்றமும் அதை ஆதரித்தது. நன்றாக ஓடிக்கொண்டிருந்த காடி, மென்பொருளை மாற்ற மறுத்த ஒரே காரணத்தால் வீட்டு வாசலில் நிற்க வேண்டியதாயிற்று.

எதற்கு மறுத்தார்கள்? பிடிவாதம் என்று தள்ளிவிடாதீர்கள். நைட்ரஜன் ஆக்சைடைக் குறைக்க, வெளியேறும் புகையில் ஒரு பகுதியை ஒரு வால்வு வழியாக எஞ்சினுக்கே திருப்பி விடுகிறார்கள். புகையோடு கரியும் போகும். கரி படிந்தால் வால்வு அடைத்துக்கொள்ளும். வால்வு கூடுதலாக உழைத்தால் காற்று சுத்தமாகும், ஆனால் எஞ்சினின் உறுப்புகள் சீக்கிரம் தேயும். திருத்தத்துக்குப் பின் வால்வு கெட்டுப்போயிற்று, டீசல் கூடுதலாகக் குடிக்கிறது என்று பலர் புகார் சொன்னார்கள். கம்பெனி மறுத்தது, ஆனாலும் 2017-இல் சில உறுப்புகளுக்கு மட்டும் 24 மாதங்களுக்கு நல்லெண்ண ஏற்பாடு ஒன்றை அறிவித்தது.

வழக்குகள் ஐரோப்பிய நீதிமன்றம் வரை போயின. 2020 டிசம்பரில், பிரான்சிலிருந்து வந்த வழக்கு ஒன்றில், எஞ்சின் கரி பிடிக்காமலும் மூப்படையாமலும் காப்பது இப்படிப்பட்ட மென்பொருளுக்கு நியாயம் ஆகாது என்று அந்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2022 ஜூலையில் ஆஸ்திரியாவிலிருந்து வந்த வழக்குகளில் இன்னொரு சங்கதி வெளிப்பட்டது. திருத்தமாகப் போட்ட மென்பொருளே, வெப்பம் 15 முதல் 33 டிகிரி வரை இருக்கும்போதுதான் புகையை முழுமையாகச் சுத்தம் செய்தது! நம் ஊராக இருந்தால் ஆண்டு முழுதும் ஏறக்குறைய அந்தக் கணக்குக்குள்ளேயே ஓட்டிவிடலாம். ஐரோப்பாவின் குளிருக்கு அது எந்த மூலைக்கு? அதுவும் சட்டவிரோதமே என்று முடிவாயிற்று. என்னைக் கேட்டால், நீதிமன்றம் சொன்னது சரிதான். எஞ்சினின் ஆயுளைக் கூட்டுவதற்காகத் தெருவில் போகிறவன் மூச்சை அடகு வைக்க முடியாது. ஆனால் சட்டத்தை நம்பி, கட்டளைக்குக் கீழ்ப்படிந்து, வரிசையில் நின்று மென்பொருளை மாற்றிக்கொண்டவர் செய்த தவறு என்ன? அவர்தானே இரண்டு முறை ஏமாந்தார்!

அமெரிக்காவில் கம்பெனி காடிகளைத் திரும்ப வாங்கிக்கொண்டது. 2017 முடிவில் ஏறக்குறைய 2 இலட்சத்து 94 ஆயிரம் காடிகள் 37 இடங்களில் நின்றன. கலிபோர்னியாவில் விக்டர்வில் பாலைவனத்தில் அவை வரிசை வரிசையாக நிற்கும் படங்களைப் பார்த்தேன். துரு இல்லை, நசுங்கல் இல்லை. பல பின்னர் திருத்தப்பட்டு மறுபடி விற்பனைக்கு வந்தன.

மென்பொருள் வேறு விதமாகவும் காடியைக் கிழமாக்கும். டெஸ்லா கம்பெனியின் பழைய மாடல் எஸ், மாடல் எக்ஸ் காடிகளின் நடுத்திரைக்குப் பின்னால் 8 கிகாபைட் நினைவகச் சில்லு ஒன்று உண்டு. மென்பொருள் ஓயாமல் அதில் குறிப்பெழுதிக்கொண்டே இருந்தது. அழித்து அழித்து எழுதினால் சிலேட்டுப் பலகையும் தேயத்தானே செய்யும்? 5, 6 ஆண்டுகளில் திரை இருண்டது; பின்பக்கக் கேமராவும் போயிற்று. அந்தச் சில்லு காடியின் ஆயுள் முழுதும் உழைக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமல்ல என்று கம்பெனி வாதாடிப் பார்த்தது. இருந்தும், அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு அதிகாரிகள் கேட்டுக்கொண்டதால் 2021 பிப்ரவரியில் ஏறக்குறைய 1 இலட்சத்து 35 ஆயிரம் காடிகளை அது திரும்ப அழைத்தது. மோட்டாரும் சக்கரமும் கல்லுப் போல இருந்தன!

இதற்குள் சட்டமும் மாறிவிட்டது. ஐக்கிய நாட்டு அமைப்பின் கீழ் உருவான, 155, 156 என்று எண்ணிட்ட இரண்டு விதிகள் 2021 ஜனவரியில் நடப்புக்கு வந்தன. காடியின் கணினிக்குள் வெளியார் புகாமல் காப்பது ஒன்று. மென்பொருள் மாற்றங்களுக்குக் கணக்கு வைப்பது மற்றொன்று. 2024 ஜூலை முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் பதிவாகும் எல்லாப் புதுக் காடிகளுக்கும் அவை கட்டாயமாயின. அந்த ஆண்டே போர்ஷே கம்பெனி தன் பெட்ரோல் மக்கான் காடியை அங்கே விற்பதை நிறுத்திக்கொண்டது. எஞ்சினில் ஒரு குறையும் இல்லை. புதுப் பாதுகாப்பு விதிக்கு ஏற்றபடி அதன் மின்னணு அமைப்பை மாற்றுவது கட்டுப்படியாகவில்லை, அதுதான் காரணம். ஒன்றியத்துக்கு வெளியே அதே காடியின் விற்பனை தொடர்ந்தது. அந்தக் கம்பெனியும் இன்று வோக்ஸ்வேகன் குடும்பத்தைச் சேர்ந்ததே. அதற்குப் பெயர் தந்தவர், நான்கு போல்ட்டில் நின்ற அந்த ஆமைக் காடியை வடிவமைத்த அதே ஃபெர்டினண்ட் போர்ஷே.