முட்டை வியாபாரியும் மலைநாட்டுப் போரும்

நம் மத்ரஸாக்களில் ஓதப்படும் தாரீக் நூல்கள் பெரும்பாலும் பக்தாதின் வீழ்ச்சியைக் கடந்து நெடுந்தூரம் செல்வதில்லை. உதுமானியரின் இறுதி நூற்றாண்டில் ஷாம் நாடு பட்ட பாடு நம்மவர் பலருக்குத் தெரியாது. 1860ஆம் ஆண்டு லெபனான் மலையில் மூண்ட உள்நாட்டுப் போர் அவ்வாறு மறைந்துபோன ஒன்று. அதனை எனக்கு அறிவித்தது வரலாற்று நூலன்று, ஒரு நாவல். பெய்ரூத் எழுத்தாளர் ரபீஉ ஜாபிர் எழுதிய ‘துரூஸு பல்கிராத்’, அதாவது ‘பெல்கிரேடின் துரூஸ்கள்’. அரபுப் புனைகதைக்கான சர்வதேசப் பரிசினை 2012இல் பெற்ற நூல் அது.

ஹன்னா யஃகூப் பெய்ரூத்தில் முட்டை விற்றுப் பிழைக்கும் ஏழைக் கிறிஸ்தவர். போர் ஓய்ந்தபின், நாடு கடத்தப்படவிருக்கும் துரூஸ் கைதிகள் துறைமுகத்தில் நிறுத்தப்பட்டிருக்கிறார்கள். துரூஸ் ஷைகு ஒருவர் தம் ஐந்து மக்களில் ஒருவனையேனும் மீட்க விரும்பி அதிகாரிக்குக் கையூட்டு அளிக்கிறார். மகன் விடுபடுகிறான், கணக்கில் ஒரு தலை குறைகிறது. அந்த வழியே வந்த ஹன்னாவைப் பிடித்துக் கப்பலேற்றிவிடுகிறார்கள்! பால்கன் நாட்டுச் சிறைகளில் அவருக்குப் பன்னிரண்டு ஆண்டுகள் கழிகின்றன. மனைவியும் பச்சிளங்குழந்தையும் பெய்ரூத்தில்.

ஹன்னா கற்பனை மனிதர். நாடு கடத்தல் வரலாறு. அதன் வேர் 1843இல் உள்ளது. அவ்வாண்டு மலைநாடு இரண்டாக்கப்பட்டு, வடபகுதிக்கு மரோனியக் கிறிஸ்தவரும் தென்பகுதிக்குத் துரூஸ் ஒருவரும் ஆளுநராயினர். தெற்கிலோ கிறிஸ்தவக் குடிகள் மிகுதி. 1858இல் வடக்கே கிஸ்ரவானில் மரோனியக் குடியானவர்கள் தம் மதத்தவரேயான காஸின் குலத்து நிலக்கிழார்களை எதிர்த்து எழுந்தனர். நிலத்தின் பொருட்டு எழுந்த அந்தக் கிளர்ச்சி, நிலக்கிழார் துரூஸாகவும் உழுபவர் கிறிஸ்தவராகவும் இருந்த தெற்கை எட்டியதும் மதச் சண்டையாயிற்று. 1860 மே, ஜூன் திங்கள்களில் ஹாஸ்பையாவிலும் தைருல் கமரிலும் ஆயுதம் களைந்து சரணடைந்த கிறிஸ்தவர்கள் வெட்டுண்டனர். ஜூலை 9ஆம் நாள், ஹிஜ்ரி 1276 துல்ஹஜ் மாதத்தில், தீ திமிஷ்கை எட்டியது. பிரெஞ்சுப் படையோடு பதினைந்து ஆண்டுகள் பொருதி, சிறையும் கண்டு அங்கே குடியேறியிருந்த அல்ஜீரிய அமீர் அப்துல் காதிர், ஆயிரக்கணக்கான கிறிஸ்தவர்களுக்குத் தம் இல்லத்தில் அடைக்கலம் தந்தார். இந்த ஒரு செய்தியை மட்டும் நம் மேடைகள் மறக்கவில்லை. அந்தத் தீ எங்கிருந்து பரவியது என்று கேட்பார்தாம் இல்லை.

மலையில் இரு தரப்பும் செய்துகொண்ட உடன்படிக்கையின் சாரம் ‘மளா மா மளா’, போனது போகட்டும் என்பதே. பின்னர் வந்த உதுமானிய அமைச்சர் ஃபுஆது பாஷா விசாரணை நடத்தினார். திமிஷ்கின் ஆளுநரையே சுட்டுக் கொல்லச் செய்தார். ஆயினும் 1861இல் அமைந்த புதிய ஆட்சி, மன்ற இடங்களை மதவாரியாகவே பங்கிட்டது. பட்டியலில் தலை எண்ணும் அந்த வழக்கத்தைத்தான் ஹன்னாவின் கதையில் காண்கிறேன். எண்ணிக்கை சரியாயிருந்தால் போதும், ஆள் யாராயினும் ஆகுக!

ஜாபிர் 1972இல் பிறந்தவர். 1975 முதல் 1990 வரை நீடித்த பிறிதோர் உள்நாட்டுப் போரினூடே வளர்ந்தவர். அந்தப் போரின் குற்றங்களுக்கும் 1991இல் பொதுமன்னிப்பு வழங்கப்பட்டது.

நாவலின் அரபு நடை எளிது. மேல் வகுப்பு மாணவர் அகராதியின் துணையோடு தாமே வாசிக்கலாம்.