அயல்நாட்டு வணிகக் கல்வி: பத்திரமும் தேசமும்

சர்வதேச வணிகம் என்னும் பாடம் நம் கலாசாலைகளில் பி.காம்., எம்.பி.ஏ. ஆகிய பட்டங்களுக்குரிய தனிப் பிரிவாக இடம்பெற்று, ஆண்டுதோறும் மாணவர் பலர் அதனைக் கற்று வெளியேறி வருகின்றனர். ஆயினும், அப்பாடத்தின் மையப் பொருள் யாது என்ற வினாவுக்கு இரு வேறு விடைகள் கூறப்படுகின்றன. அது பொது நிர்வாகக் கல்வியின் ஒரு கிளையே என்றும், ஸ்தாபனத்தை நடத்தும் தத்துவங்களை அறிந்தவன் அவற்றை எந்தத் தேசத்திலும் பிரயோகிக்கலாம் என்றும் கூறுவர் ஒருசாரார். அது ஏட்டிலே கற்கும் வித்தையே அன்று, ஏற்றுமதிக் கம்பெனியிலும் துறைமுகத்திலும் சில வருஷம் உழைத்தால் தானே கைவரும் என்பர் மற்றொரு சாரார். இவ்விரு கொள்கைகளும் பாதி உண்மையையே பற்றி நிற்கின்றன என்பதும், பத்திரங்களைப் பற்றிய துல்லியமான அறிவும் தேசங்களைப் பற்றிய ஆழ்ந்த அறிவும் ஒருசேரப் பயிலப்படும்போதே இக்கல்வி தனக்குரிய பயனையும், கற்றவனுக்கு உரிய உத்தியோகத்தையும் தரும் என்பதும் இக்கட்டுரை நிறுவ முயலும் கருத்தாகும்.

வணிகன் ஒருவன் தன் ஊரிலே கடை நடத்துவதற்கும் கடல் கடந்து நடத்துவதற்கும் உள்ள வேற்றுமை தூரத்தால் மட்டும் விளைவதன்று. சட்டம் இரண்டு, நாணயம் இரண்டு, வழக்கம் இரண்டு. பேரம் மட்டும் ஒன்று. கானடா தேசத்தவரான ஸ்டீபன் ஹைமர் என்னும் பொருளியலறிஞர், 1960-இல் எழுதி, அவர் மறைவுக்குப் பின் 1976-இல் நூலாக வெளிவந்த ஆராய்ச்சியில், அந்நிய மண்ணில் தொழில் தொடங்கும் ஸ்தாபனம், அம்மண்ணின் சட்டத்தையும் மொழியையும் அரசியலையும் இயல்பாகவே அறிந்த உள்ளூர்ப் போட்டியாளரைவிடத் தாழ்ந்த நிலையிலேயே தொடங்குகிறது என்றும், அத்தாழ்வை ஈடுசெய்யத்தக்க தனி மேன்மை ஒன்று அதனிடம் இருந்தாலன்றி அது நிலைபெறாது என்றும் வாதித்தார். ஸ்வீடனின் உப்சாலாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யோஹான்சன், வால்னே என்னும் இருவரும் 1977-இல் வெளியிட்ட ஆய்வு, கம்பெனிகள் தமக்குப் பழக்கமான அண்டை நாடுகளில் முதலில் காலூன்றி, அங்கே பெற்ற அனுபவத்தைக் கொண்டே தொலைதூர நாடுகளுக்குப் படிப்படியாகச் செல்கின்றன என்று காட்டியது. வேறுபட்ட வழிகளில் சென்ற இவ்விரு ஆய்வுகளும் ஓரிடத்தில் ஒன்றுகூடுகின்றன: அந்நியனாக இருப்பதற்கு ஒரு விலை உண்டு; அவ்விலையைக் குறைப்பது அறிவு. சர்வதேச வணிகம் தனி ஒரு சாஸ்திரமாகப் பயிலத்தக்கது என்பதற்கு இதனினும் வலிய ஆதாரம் வேண்டுவதில்லை.

அவ்வறிவின் முதற்கூறு பத்திர அறிவு. திருப்பூர்ப் பனியன் கம்பெனி ஒன்று ஹாம்பர்க் நகரத்துப் பையர் ஒருவருக்கு ஒரு கண்டெய்னர் சரக்கு அனுப்ப ஒப்புக்கொண்டதாகவும், ஜெர்மானிய பாங்கு ஒன்று அதற்கு எல்.சி. (உரிய பத்திரங்கள் வந்தால் பணம் தருவதாகப் பாங்கு எழுதித்தரும் உறுதிக் கடிதம்) திறந்து, கப்பலேற்ற வேண்டிய கடைசி நாள் மே 31 என்று அதிலே குறித்திருப்பதாகவும் கொள்வோம். துணி நேர்த்தியாக அமைந்து, தையல் பழுதின்றி முடிந்து, சரக்கு தூத்துக்குடித் துறைமுகத்தை அடைந்த பின்னும், அதனைக் கொழும்புக்குக் கொண்டு சென்று பெருங்கப்பலில் சேர்க்க வேண்டிய சிறு கப்பல் ஒருநாள் தாமதித்தமையால், சரக்கைக் கப்பலேற்றியதற்குச் சான்றான பில் ஆப் லேடிங்கில் ஜூன் 1 என்று தேதி விழுந்துவிடுகிறது. சரக்கில் யாதொரு குறையும் இல்லை. எனினும், சர்வதேச வர்த்தக சபை வகுத்து 2007 ஜூலை முதல் வழங்கிவரும் யு.சி.பி. 600 என்னும் விதித்தொகுப்பின்படி, பாங்குகள் கையாள்வது பத்திரங்களையே அன்றிச் சரக்கை அன்று. தம்மிடம் வந்த பத்திரங்களை ஐந்து பாங்கு வேலை நாட்களுக்குள் பரிசீலித்து, எல்.சி.யின் நிபந்தனைகளோடு பொருந்தாதவற்றை மறுக்க அவற்றுக்கு உரிமை உண்டு. அவ்வாறு மறுக்கப்பட்டதும், பையர் மனமிரங்கி ஏற்றுக்கொண்டால்தான் பணம் என்ற நிலை ஏற்பட்டு, அவர் கேட்கும் தள்ளுபடிக்கெல்லாம் ஏற்றுமதியாளர் தலையசைக்க நேரிடுகிறது. தாமதம் நேரப்போவதைச் சில நாள் முன்னரே அறிந்து எல்.சி.க்குத் திருத்தம் கேட்டுப் பெற்றவருக்கு இந்நஷ்டம் இல்லை. மாதக்கணக்கான உழைப்பின் லாபம் ஒரு தேதியில் தங்கியிருக்கும் இத்தொழிலில், அத்தேதியின் பொருளை அறிந்தவனே வேண்டற்பாலன்.

விற்பவருக்கும் வாங்குபவருக்கும் இடையே செலவையும் அபாயத்தையும் பகுக்கும் இன்கோடெர்ம்ஸ் என்னும் விதிகளின் நுட்பமும் இதனைப் போன்றதே. 1936-இல் முதன்முதல் வெளியிடப்பெற்று, 2020-ஆம் ஆண்டுப் பதிப்பில் 11 வகைகளாக விளங்கும் அவ்விதிகளுள், சி.ஐ.எப். என்ற முறையில் கப்பற் கூலியையும் இன்ஷூரன்ஸையும் இறக்குமதித் துறைமுகம் வரை விற்பவரே செலுத்துகிறார். ஆனால், சரக்கு ஏற்றுமதித் துறைமுகத்தில் கப்பலேறிய கணமே அபாயம் வாங்குபவரைச் சார்ந்துவிடுகிறது. செலவு ஓரிடத்திலும் அபாயம் வேறோரிடத்திலும் கைமாறும் இவ்வேற்றுமையை உணராதவர், நடுக்கடலில் கெட்ட சரக்கின் நஷ்டம் யாருடையது என்று தீர்மானிக்க இயலாது. இத்தகைய விஷயங்களைப் பொது நிர்வாகத் தத்துவம் கற்பிப்பதில்லை. ஆகவே முதற்சாராரின் கொள்கை இவ்விடத்திலேயே தளர்ந்துவிடுகிறது.

இனி, அனுபவம் ஒன்றே போதும் என்னும் இரண்டாம் சாராரின் கொள்கையை ஆராய்வோம். அக்கொள்கைக்கு நம் நாட்டிலேயே மிகச் சிறந்த சான்று ஒன்று உண்டு. பர்மா, மலேயா, இலங்கை முதலிய தேசங்களில் லேவாதேவி நடத்திய நாட்டுக்கோட்டை நகரத்தார், கலாசாலை எதன் துணையும் இன்றியே தம் மரபில் ஓர் ஒழுங்கான பயிற்சியை அமைத்திருந்தனர். இளம்வயதில் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்தவன், வட்டிக்கணக்கும் பேரேடும் பழகி, அடுத்தாளாக உயர்ந்து, பின்னர் ஒரு கடையின் முழுப் பொறுப்பையும் ஏற்கும் மேலாளாகி, கணக்கு முடிந்ததும் முதலாளியிடம் வரவு செலவை ஒப்பித்து ஊர் திரும்புவான். சிக்கனத்திலும் நாணயத்திலும் கணக்கின் துல்லியத்திலும் அப்பயிற்சிக்கு ஈடு கூறுவது அரிது.

அத்துணைச் சிறந்த பயிற்சி பெற்றவர்களும், 1930-ஐ ஒட்டி உலகெங்கும் பரவிய பொருளாதார மந்தத்தில் நெல் விலை வீழ்ந்து பர்மிய விவசாயிகள் கடனைத் திருப்ப இயலாதபோது, தாம் விரும்பித் தேடாத நிலத்துக்குச் சொந்தக்காரர் ஆயினர். 1938 வாக்கில் கீழ்ப் பர்மாவின் பிரதான நெல் விளையும் ஜில்லாக்களில் சாகுபடி நிலத்தின் நாலில் ஒரு பங்கு அவர்கள் கைக்கு வந்தது. அடமானப் பத்திரங்கள் யாவும் சட்டப்படி செல்லத்தக்கவை. கணக்கில் பிழை எதுவும் இல்லை. ஆயினும், நிலமிழந்த ஒரு ஜனசமூகத்தின் உள்ளக் கொதிப்பு எத்திசையில் பாயும் என்பதைப் பேரேடு காட்டுவதில்லை. இந்தியர்மேல் எழுந்த கலவரங்களும், 1942-இல் ஜப்பானியப் படையெடுப்பும், சுதந்திர பர்மா 1948-இல் இயற்றிய நில தேசியமயச் சட்டமும் அடுத்தடுத்து வந்து, பல தலைமுறைகளின் முதலைக் கரைத்துவிட்டன. தனி மனிதர் எவரையும் குறைகூறுதற்கு இதனை எடுத்துரைக்கவில்லை. தொழிற்பயிற்சி எவ்வளவு உயர்ந்ததாயினும், வாழப்புகும் தேசத்தின் சரித்திரத்தையும் நில உறவையும் அரசியல் உணர்ச்சியையும் தனியே பயிலாத வழி அது முற்றுப்பெறுவதில்லை என்பதற்கு இதனினும் கனத்த உதாரணம் நம் சரித்திரத்தில் இல்லை.

பத்திர அறிவு, தேச அறிவு என்னும் இவ்விரு கூறுகளையும் இணைக்க வேண்டும் என்னும் எண்ணம் புதியதன்று. இரண்டாம் உலக யுத்தம் முடிந்ததும், 1946-இல் அமெரிக்காவின் அரிஸோனா ராஜ்யத்தில், விமானிகளைப் பயிற்றிய ஒரு தளத்தையே கலாசாலையாக்கி ஜெனரல் பார்ட்டன் யௌன்ட் தோற்றுவித்து, பிற்காலத்தில் தண்டர்பேர்ட் என்று பெயர் பெற்ற ஸ்தாபனம், அயல்மொழி, பிரதேச அறிவு, சர்வதேச வர்த்தகம் ஆகிய மூன்றையும் தன் பாடத்திட்டத்தின் தூண்களாகக் கொண்டது. நம் அரசாங்கமும் 1963-இல் இந்திய அயல்நாட்டு வர்த்தகக் கழகத்தைப் புதுதில்லியில் நிறுவி, இத்துறைக்குத் தனிக் கல்வி வேண்டும் என்பதை ஒப்புக்கொண்டது.

இக்கல்வி இட்டுச்செல்லும் உத்தியோகங்களை நோக்கினாலும் இவ்வுண்மையே புலனாகும். திருப்பூரில் மெர்ச்சண்டைசராகப் பணிபுரிபவன், நூல் வாங்குவது தொடங்கிச் சாயம், சாம்பிள், பையரின் சம்மதம், ஷிப்மெண்ட் வரை ஓர் ஆர்டரின் முழு வாழ்வையும் தன் பொறுப்பில் கொண்டவன். சுங்கத் துறையின் பரீட்சையில் தேறி லைசென்ஸ் பெறும் கஸ்டம்ஸ் புரோக்கர், கப்பலில் இடம் பிடித்துத் தரும் பார்வர்டர், பாங்கின் அந்நியச் செலாவணிப் பிரிவில் எல்.சி.யைப் பரிசீலிப்பவர், 1957-இல் ஏற்பட்ட ஏற்றுமதிக் கடன் காப்புறுதிக் கழகத்திலோ 1982-இல் ஏற்பட்ட எக்ஸிம் பாங்கிலோ அயல்நாட்டின் கடன் தகுதியை அளந்து கூறுபவர், யு.பி.எஸ்.சி. பரீட்சை வழியே இந்திய வர்த்தகப் பணியில் சேர்பவர் என்று இவ்வரிசை நீள்கிறது. இவர்களுள் புரோக்கருக்குப் பத்திரமே பிரதானம். கடன் தகுதியை அளப்பவருக்குத் தேசமே பிரதானம். ஆனால், படிப்படியாக உயர்ந்து தீர்மானம் செய்யும் பீடத்தை அடைபவர் இரண்டையும் அறிந்தவராக இருந்தே தீரவேண்டும்.

அண்மைக் காலம் இத்தேவையை மேலும் கூர்மைப்படுத்தியுள்ளது. 2013 ஏப்ரலில் வங்காள தேசத்தில் ரானா பிளாசா கட்டடம் இடிந்து 1,100-க்கும் மேற்பட்ட தொழிலாளர் மாண்ட பின்னர், ஆடை தைக்கும் கட்டடத்தின் உறுதியும் ஐரோப்பியப் பையரின் கேள்விகளுள் ஒன்றாகியது. நொய்யலாற்றை மாசுபடுத்தியமைக்காக 2011-இல் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டபோது, நீரின் தூய்மையும் ஏற்றுமதியின் நிபந்தனை என்பது அவ்வூருக்கு விளங்கியது. தொழிலாளர் நலம், சுற்றுச்சூழல் ஆகியவற்றைச் சோதித்துச் சான்றளிக்கும் உத்தியோகங்கள் இன்று பெருகி வருவதற்குக் காரணம் இதுவே.

பத்திரங்களை யந்திரமே சரிபார்க்கும் காலம் வந்துவிட்டதால் இக்கல்வி வேண்டாததாகும் என்று சிலர் ஆட்சேபிக்கக்கூடும். தேதி தவறியதை யந்திரம் சுட்டிக்காட்டும் என்பது உண்மையே. தவறிய பின் பையரோடு எவ்வாறு பேசுவது, எதனை விட்டுக்கொடுத்து எதனைக் காப்பது, அவர் நாட்டுச் சட்டமும் வழக்கமும் எதற்கு இடந்தரும் என்பவற்றை அறிந்து தீர்மானிப்பது கற்ற மனிதனின் பொறுப்பாகவே எஞ்சும். யந்திரம் எளிய வேலையை ஏற்குந்தோறும் எஞ்சிய வேலைக்கு மேலும் ஆழ்ந்த கல்வி வேண்டுமேயன்றிக் குறைந்த கல்வி வேண்டுவதில்லை.

ஆதலின், இப்பட்டத்தை அளிக்கும் கலாசாலைகள் மூன்று மாறுதல்களை மேற்கொள்ளுதல் தகும். மாணவன் ஒவ்வொருவனும் ஆங்கிலம் நீங்கலாக ஓர் அயல்மொழியையும், அம்மொழி வழங்கும் ஒரு தேசத்தின் சரித்திரத்தையும் வணிகச் சட்டத்தையும் பட்டக்காலம் முழுவதும் தொடர்ந்து பயில வேண்டும். ஒரு பருவமேனும் துறைமுகத்திலோ, பாங்கிலோ, ஏற்றுமதிக் கம்பெனியிலோ மேற்பார்வையின் கீழ் உழைக்க வேண்டும். பரீட்சையில் வரையறைகளை ஒப்பிப்பதற்குப் பதிலாக, ஓர் எல்.சி.யையும் அதற்குரிய பத்திரங்களையும் அவன் முன்னே வைத்துப் பிழை காணச் செய்தல் வேண்டும். இம்மூன்றும் இன்றி அளிக்கப்படும் பட்டம் பொது நிர்வாகப் பட்டத்தினின்று பெயரளவிலேயே வேறுபடும். இம்மூன்றும் கூடிய பட்டமோ, மாணவனுக்கு உத்தியோகத்தையும், அவனை ஏற்கும் கம்பெனிக்கு நஷ்டத்தினின்று காப்பையும், அவன் சென்று வணிகம் புரியும் தேசத்து மக்களுக்கு நியாயத்தையும் ஒருங்கே அளிக்க வல்லதாகும்.