வெள்ளிக் காசில் இரு குறுவாள்கள்

ரோமானியரின் வெள்ளிக் காசுக்கு டெனாரியஸ் என்று பெயர். குடியரசுக் காலத்தில் அதன்மேல் தெய்வ உருவங்களும் மறைந்த முன்னோர் முகங்களும் பொறிக்கப்பெற்றன. உயிருடன் இருப்பவர் முகத்துக்கு ரோம் நகரக் காசில் இடமில்லை. கி.மு. 44இல் அம்மரபைக் கடந்தவர் ஜூலியஸ் சீசர். மன்னராட்சியை வெறுத்த அந்நகரில் அது முடிசூடும் வேட்கையாகவே பார்க்கப்பட்டது. அவ்வாண்டு மார்ச் 15ஆம் நாள் அவர் கொலையுண்டார்.

கொன்றோருள் ஒருவர், ஷேக்ஸ்பியர் நாடகத்தால் நம்மவர்க்கும் அறிமுகமான புரூட்டஸ். இளமையில் அக்கசாலைப் பொறுப்பிலிருந்தபோது, மன்னரை விரட்டிய தம் முன்னோரின் முகத்தையும் சுதந்திரத் தேவியின் முகத்தையும் காசில் பொறித்தவர் அவர். சீசர் மறைந்தபின், தம் படைவீரர்க்கு ஊதியம் வழங்க அவர் அடித்த காசே புகழ்பெற்றது. பின்புறம் இரு குறுவாள்கள். நடுவே, விடுதலை பெற்ற அடிமை அணியும் குல்லாய். கீழே கொலை நிகழ்ந்த நாளின் பெயர். கொலையைப் பெருமிதத்தோடு பறைசாற்றும் காசு வேறு காண்பதரிது.

முன்புறத்திலோ, உயிரோடிருந்த புரூட்டஸின் முகமே!

கி.மு. 42இல் பிலிப்பிப் போரில் தோற்று அவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். இரு நூற்றாண்டுகளுக்கும் பிற்பட்ட வரலாற்றாசிரியர் காசியஸ் டியோ, அம்முகம், வாள்கள், குல்லாய் மூன்றையும் தம் நூலில் குறித்துள்ளார்.