துணிப் பொம்மைத் தையல் (கொங்கு நாடு)

துணியை வெட்டித் தைத்து, உள்ளே பஞ்சு அடைத்து, சிறு குழந்தைகளுக்கான விளையாட்டுப் பொருள்களையும் பரிசுகளையும் செய்யும் கைத்தொழில். பொம்மை, யானை, முயல், பந்து, தொட்டிலில் தொங்கவிடும் கிளிச்சரம், பஞ்சு அடைத்த கட்டைகள், துணிப் புத்தகம் ஆகியவை இதில் அடங்கும். தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மையைப் போல ஓர் ஊரின் பெயர் சொல்லும் தனிப் பாணி கொங்கு நாட்டுத் துணிப் பொம்மைக்கு இல்லை. கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர் வட்டாரங்களின் பனியன் தொழிலையும் நெசவையும் ஒட்டி, வீட்டு வேலையாகவும் சிறு குழுத் தொழிலாகவும் இது நடக்கிறது. துணியின் குணம் அறிந்த கைகளும் வெட்டுமேசையில் மிஞ்சும் நல்ல துணியும் ஒரே தெருவில் கிடைப்பதே இந்த வட்டாரத்தின் பலம். அந்தப் பலம் இன்னும் பாதிகூடப் பயன்படுத்தப்படவில்லை.

துணி

திருப்பூரில் முதல் பின்னலாடைத் தொழிலகம் 1925-ல் தொடங்கியது. 1970-களின் பிற்பகுதியில் ஏற்றுமதி தொடங்கியபின், பனியன் மட்டுமே தைத்த ஊர் டி-சட்டை, குழந்தை உடை, இரவு உடை என விரிந்தது. அடுக்கி விரித்த துணியில் அச்சு வைத்து வெட்டும்போது கைக்குழிக்கும் கழுத்துக்கும் இடையே துண்டுகள் மிஞ்சும். இதைத்தான் ஊரில் கட்டிங் வேஸ்ட் என்கிறார்கள். நிறம் பிரித்து மூட்டை கட்டப்பட்டு இது எடைக்கு விற்கப்படுகிறது. ஒரு பகுதி இயந்திரம் துடைக்கப் போகிறது. பெரும்பகுதி திரும்பவும் பஞ்சாக்கப்பட்டு, கோவை, பல்லடம் பக்கத்து ஓப்பன் எண்ட் நூற்பாலைகளில் நூலாகிறது. உள்ளங்கை அகலத்துக்கு மேற்பட்ட துண்டு எதுவும் பொம்மைக்கு ஆகும். மூட்டை ஆலைக்குப் போவதற்கு முன் அதைப் பிரித்தெடுக்க ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

பனியன் துணிகள் எல்லாம் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. சிங்கிள் ஜெர்சி மெல்லியது. வெட்டிய ஓரம் சுருண்டுகொள்ளும், பஞ்சு அடைத்தால் கண்டபடி உப்பும். இன்டர்லாக் இருபுறமும் ஒரே முகம் உள்ளது. சுருளாது, அளவாக இழுபடும். முகம், கை, கால் செய்ய இதைவிட நல்ல துணி இல்லை. 1919-ல் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் தொடங்கிய வால்டார்ஃப் பள்ளிகளின் மரபில் வரும் துணிப் பொம்மைகளுக்கும் தோலாக அமைவது பருத்தி இன்டர்லாக்தான். கண்ணுக்கு ஒரு புள்ளி, வாய்க்கு ஒரு கோடு என்று முகத்தைக் குறைவாக வைத்து, மீதியைக் குழந்தையின் கற்பனைக்கு விடுவது அந்த மரபு. ரிப் துணி பொம்மையின் தொப்பிக்கும் காலுறைக்கும் பொருந்தும். ஃபிளீஸ் துணியில் செய்த கரடி தொட இதமாக இருக்கும். ஆனால் உராய்வில் உருண்டை உருண்டையாக நூல் திரளும். வாயில் வைக்கும் வயதுக் குழந்தைக்கு அதைக் கொடுக்காமல் இருப்பது நல்லது.

இழுவை எந்தப் பக்கம் என்று பார்த்தபின்னரே கத்தரி வைக்க வேண்டும். பொம்மையின் குறுக்கே இழுவை வந்தால் வயிறும் கன்னமும் உருண்டு வரும். நெடுக்கே வந்தால் கழுத்தும் கைகால்களும் நீண்டு தொங்கிவிடும். பனியன் கம்பெனியில் நாள்பட வேலை பார்த்தவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. துண்டை இரு விரலால் இழுத்துப் பார்த்தே திசை சொல்வார்கள்.

தறித் துணியின் கணக்கு வேறு. பாவும் ஊடையும் நேராக இருப்பதால் இழுபடாது. யானை, மீன், வீடு போன்ற திட்டமான வடிவங்களுக்கு ஏற்றது. ஈரோட்டு ஜவுளிச் சந்தையின் கட் பீஸும் கரூர் வீட்டு உபயோகத் துணிகளின் மிச்சமும் இதற்கு உதவுகின்றன. சென்னிமலைப் பெட்ஷீட் துணி தடிமன் என்பதால் பெரிய பொம்மைக்கும் குழந்தை விரிப்புக்கும் நன்றாக நிற்கும். புவிசார் குறியீடு பெற்ற பவானி ஜமக்காளம் முரடானது, முகத்தோடு உறவாடும் பொம்மைக்கு ஆகாது. பஞ்சுக் கட்டைகளின் மேலுறைக்கு அதன் வண்ணப் பட்டைகள் எடுப்பாக இருக்கும்.

பிறந்த குழந்தையைப் புதுத் துணியில் கிடத்தாமல், பலமுறை துவைத்து மெத்தென்று ஆன பழைய பருத்திச் சேலையில் கிடத்துவது தமிழ்நாட்டு வழக்கம். தொட்டில் கட்டுவதும் அதே சேலையில்தான். கஞ்சியும் ஆலைப் பூச்சும் போய்விட்டதால் அது உறுத்தாது, சாயமும் முன்பே வடிந்திருக்கும். அம்மாயி, அப்பத்தா கட்டிய சேலையிலிருந்து செய்த பொம்மை நினைவுப் பொருளாக மட்டுமல்ல, குழந்தையின் தோலுக்கும் சரியான தேர்வு. நைந்த இடத்தை விட்டு வலுவான பகுதியை எடுக்க வேண்டும். மெல்லியதாகத் தெரிந்தால் இரட்டையாக வைத்துத் தைக்கலாம்.

சாயம்

பொம்மைத் துணி வாய்க்குப் போகும் துணி. புற்றுநோய் உண்டாக்கக்கூடிய அமின்களை வெளியிடும் சில அசோ சாயங்களை ஜெர்மனி 1994-ல் தடைசெய்தது. இந்தியாவும் 1997-ல் அவற்றுக்குத் தடை விதித்தது. ஏற்றுமதிக் குழந்தை உடைகளுக்குப் பயன்படும் ஓகோ-டெக்ஸ் 100 தரச்சான்றின் முதல் வகுப்பு, மூன்று வயது வரையிலான குழந்தைகளின் பொருள்களுக்கானது. நான்கு வகுப்புகளில் கடுமையானதும் அதுவே. சான்று பெற்ற துணியின் மிச்சம் பொம்மைக்கு மிக நல்லது. ஆனால் மூட்டையில் பிற துண்டுகளோடு கலந்த கணத்தில் அந்தச் சான்று துண்டை விட்டுப் போய்விடுகிறது. எனவே கம்பெனியிலிருந்தே நேராக, எந்தத் துணியின் மிச்சம் என்று கேட்டு வாங்குவதே சரியான வழி. சாயம் ஒட்டுகிறதா என்று அறிய, வெள்ளைத் துணியை நனைத்து அழுத்தித் தேய்த்துப் பார்க்கலாம். இது சாயம் போவதை மட்டுமே காட்டும், சாயத்தின் வகையைக் காட்டாது. எந்தத் துணியானாலும் வெட்டுமுன் ஒருமுறை துவைத்துக் காயவைத்தால் பின்னால் சுருங்கிப் பொம்மை கோணாது.

பஞ்சு

பஞ்சாலை ஊரில் பொம்மைக்குள் பெரும்பாலும் போவது பருத்தியல்ல, பாலியெஸ்டர் பஞ்சு. துவைத்தாலும் கட்டிதட்டாது, சீக்கிரம் காயும். பருத்திப் பஞ்சு நனைந்தால் உருண்டையாகும், உள்ளே ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும். இலவம் பஞ்சு இலேசானது, தண்ணீர் ஒட்டாதது. அடைக்கும்போது தூசி பறக்கும் என்பதால் மூக்கைத் துணியால் கட்டிக்கொள்ள வேண்டும், அடைத்த பொம்மையைத் துவைக்கவும் முடியாது. துண்டுத் துணியை நறுக்கி அடைப்பது செலவில்லாத வழி. பொம்மை கனக்கும், மேடுபள்ளமாகும். பந்துக்கு அதுவே பொருத்தம்.

பஞ்சைச் சிறு சிறு பிசிறாகப் பிரித்து, முதலில் கை, கால், காது முனைகளில் அடைத்து, பிறகு நடுவுக்கு வர வேண்டும். கழுத்தில் இறுக்கமாக அடைக்காத பொம்மை சில நாளில் தலை சாய்ந்துவிடும்.

கலகலவென்று சத்தம் வர விதைகளை உள்ளே போடும் பழக்கத்தில் ஓர் எச்சரிக்கை உண்டு. பிள்ளையார் சதுர்த்தியில் களிமண் பிள்ளையாருக்குக் கண்ணாக வைக்கும் குன்றிமணி கடும் நஞ்சு. ஓடு உடைந்தால் அதிலுள்ள அப்ரின் உயிருக்கே ஆபத்து. ஆமணக்கு விதையும் அப்படித்தான். இரண்டையும் பொம்மைக்குள்ளோ கண்ணாகவோ வைக்கவே கூடாது. அரிசி, கேழ்வரகு அடைத்தால் பூச்சி வரும். சத்தம் வேண்டுமென்றால் மூடிய பிளாஸ்டிக் கிலுக்குக் குமிழை இரண்டு அடுக்குத் துணிக்குள் வைத்துத் தைக்கலாம்.

தையல்

வீட்டு மிதி இயந்திரமே போதும். தறித் துணிக்குச் சாதாரண ஊசியும், பனியன் துணிக்கு முனை மழுங்கிய பால்பாயிண்ட் ஊசியும் போட வேண்டும். கூர் ஊசி பின்னல் இழையை அறுத்து ஓட்டை விடும். தையல் நீளம் 2 மில்லிமீட்டர். வளைவுகளைத் தைத்தபின், உட்புற மிச்சத் துணியில் தையலைத் தொடாமல் சிறு வெட்டுகள் கொடுத்தால்தான் திருப்பும்போது காதும் கழுத்தும் வடிவாக வரும். பஞ்சு அடைக்க விட்ட வாயைக் கையால் மறைத்தையல் போட்டு மூடுவார்கள்; முடிச்சை உள்ளே தள்ளி நூலை ஒரு விரல் நீளம் உள்ளேயே ஓட்டி வெட்டினால் குழந்தை கடித்து இழுத்தாலும் பிரியாது. கண், மூக்கு, வாய் எல்லாம் நூல் பூவேலையாக இருக்கட்டும்: சங்கிலித் தையலில் வாய், நிரப்புத் தையலில் கண். காது, வால் ஆகியவற்றைப் பொம்மை தைத்து முடித்தபின் மேலே ஒட்டுத் தையலாகப் போடாமல், இரு துணிகளுக்கு இடையே வைத்து ஒரே தையலில் பிடிப்பதே உறுதி. இந்தியத் தரநிலைச் சோதனையில் மென்பொம்மையின் தையல் 70 நியூட்டன், அதாவது ஏறக்குறைய 7 கிலோ எடைக்கு ஈடான இழுப்பைத் தாங்க வேண்டும்.

ஊசி முறிவுக்குத் திருப்பூர் ஏற்றுமதி நிறுவனங்களில் கண்டிப்பான நடைமுறை உண்டு. முறிந்த ஊசியின் எல்லாத் துண்டுகளையும் தேடியெடுத்துப் பதிவேட்டில் ஒட்டிய பிறகே புது ஊசி தருவார்கள். குழந்தை உடைகளை உலோகம் கண்டறியும் கருவியிலும் செலுத்துவார்கள். வீட்டுத் தையலுக்கு இந்த ஒழுங்கை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டும். குண்டூசிகளை எண்ணி எடுத்து எண்ணி வைப்பது, பஞ்சு அடைக்குமுன் துணியில் காந்தத்தை ஓட்டுவது இரண்டும் செலவில்லாதவை, விட்டுவிடக் கூடாதவை.

வயதுக்கு ஏற்றது

பிறந்த சில வாரங்களில் குழந்தைக்குத் தெளிவாகத் தெரிவது 20 முதல் 30 செ.மீ. தொலைவுதான், கறுப்பு வெள்ளைக் கட்டங்கள் தைத்த துணிப் புத்தகத்தை அந்தத் தொலைவில் காட்டலாம். நான்கு மாதம் வாக்கில் பற்றத் தொடங்கும் கைக்கு, விரல் மடக்கிப் பிடிக்கும்படி மெல்லிய வளையமோ குச்சிக் கால் முயலோ பொருந்தும். மூன்று வயதுக்கு மேல் பித்தான் மாட்டுதல், ஜிப் இழுத்தல், கயிறு கட்டுதல் ஆகியவற்றைத் துணிப் பக்கங்களில் பழக்கலாம். இரண்டாம் உலகப் போர்க் காலத்தை இந்தியாவில், குறிப்பாகச் சென்னையிலும் கொடைக்கானலிலும் கழித்த மரியா மாண்டிசோரியின் உடை மாட்டும் பயிற்சிச் சட்டங்களே இதற்கு மூலம்.

மூன்று வயதுக்குட்பட்டோருக்கான பொம்மையில் பித்தான், மணி, ஜிகினா, கொலுசு மணி எதுவும் கூடாது. 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள சோதனைக் குழலுக்குள் முழுதாக அடங்கும் எந்தத் துண்டும் தொண்டையில் சிக்கும் அபாயமுள்ளது என்பது சர்வதேச அளவுகோல். ஒரு வயது நிறையாத குழந்தை தூங்கும் இடத்தில் மென்பொம்மை இருக்கக் கூடாது. சேலைத் தொட்டிலில் துணி குழந்தையைச் சுற்றி நெருங்கி நிற்பதால் அங்கே ஆபத்து இன்னும் அதிகம். கிளிச்சரத்தை விழித்திருக்கும்போது கைக்கு எட்டாத உயரத்தில் காட்டிவிட்டு எடுத்துவிட வேண்டும்.

முன்னோடிகள்

துணிப் பொம்மை மிகப் பழையது. எகிப்தின் ஆக்சிரிங்கஸில் கிடைத்த, கந்தலும் பப்பைரசும் அடைத்த ரோமர் காலத்து லினன் பொம்மை பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நவீன மென்பொம்மைத் தொழிலின் தொடக்கம் 1880-ல் ஜெர்மனியின் கீங்கென் நகரில். போலியோவால் சக்கர நாற்காலியில் இருந்த தையற்காரி மார்கரெட் ஸ்டைஃப், குண்டூசி குத்தி வைக்க ஃபெல்ட் துணியில் சிறு யானை செய்தார். அதைக் குழந்தைகள் விளையாட எடுத்துக்கொண்டார்கள்.

தமிழ்நாட்டில் பரவலாக அறியப்பட்ட துணிப் பொம்மை சுனாமிகா. 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு, ஆரோவில்லின் உபாசனா வடிவமைப்பு நிலையம் மீனவப் பெண்களுக்குப் பயிற்சி தந்து, மிஞ்சிய துணியில் விரல் அளவுப் பொம்மைகளைச் செய்யவைத்தது. விலை வைக்காமல் பரிசாகவே வழங்கப்பட்டு, நன்கொடையில் நடந்த முயற்சி அது. கோவைக்கு மிக அருகில், நீலகிரியில் இந்தியன் யார்ட்ஸ் அமைப்பு மலைவாழ் பெண்களைக் கொண்டு மிச்சத் துணியில் பொம்மைகள் செய்து விற்கிறது.

பயிற்சியும் விற்பனையும்

தி. சு. அவினாசிலிங்கம் 1957-ல் கோவையில் தொடங்கிய மனையியல் கல்லூரி, 1988-ல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமானது. ஆடையியலும் குழந்தை வளர்ச்சியும் ஒரே வளாகத்தில் கற்பிக்கப்படும் இடம் என்பதால், இத்தொழிலுக்கான இரு அறிவும் சேருமிடம் அதுவே. தமிழ்நாடு அரசின் சத்தியவாணி முத்து அம்மையார் நினைவு இலவசத் தையல் இயந்திரத் திட்டமும், 1983-ல் உருவான மகளிர் மேம்பாட்டு நிறுவனத்தின் சுயஉதவிக் குழுக்களும் இயந்திரத்தையும் கூட்டையும் தருகின்றன. மாவட்டப் பூமாலை வணிக வளாகங்கள் குழுப் பொருள்களின் விற்பனைக்கானவை.

இறக்குமதிப் பொம்மைகளின் மீதான சுங்கவரியை ஒன்றிய அரசு 2020-ல் 20 விழுக்காட்டிலிருந்து 60 ஆகவும், 2023-ல் 70 ஆகவும் உயர்த்தியது. 2021 ஜனவரி 1 முதல், 14 வயதுக்குட்பட்டோருக்கான பொம்மைகளுக்கு இந்தியத் தர முத்திரை கட்டாயம். கைவினைப் பொருள் வளர்ச்சி ஆணையரிடம் பதிவு பெற்ற கைவினைஞர்களின் பொம்மைகளுக்கு விலக்கு உண்டு. விலக்கு, சோதனைச் செலவு தாங்க முடியாத வீட்டுத் தையற்காரரைக் காப்பது. குழந்தையின் தொண்டையைக் காப்பது மேலே சொன்ன கைப்பழக்கம்தான்.

விலையில் துணியின் பங்கு சிறிது. வெட்டுவதும் இயந்திரத் தையலும் விரைவில் முடியும். பஞ்சு அடைப்பதும், வாய் மூடுவதும், முகம் தைப்பதும் கைவேலை, நேரம் குடிப்பவை. பனியன் தொழிலின் பீஸ் ரேட் கணக்கைப் பொம்மைக்கும் போட்டால் முதலில் தேய்வது இந்தக் கைவேலையின் கூலி. ஆகவே குழுக்கள் ஒரு பொம்மையை ஒருவரே தொடக்கம் முதல் முடிவு வரை செய்யாமல், வெட்டு, தையல், பஞ்சு, முகம் என்று பிரித்துக்கொண்டு, முகம் தைப்பவருக்குத் தனிக் கூலி வைப்பது நியாயமாக இருக்கும்.