மார்கெரித் போரெத் - எரிக்கப்பட்ட பெண்ணும் எரியாத புத்தகமும்

கி.பி. 1310, ஜூன் 1. பாரிஸ் நகரின் கிரேவ் சதுக்கத்தில் ஒரு பெண்மணி உயிரோடு எரிக்கப்பட்டார். பெயர் மார்கெரித் போரெத். அவர் யாரையும் கொல்லவில்லை, எதையும் திருடவில்லை. கடவுளைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். அதை யாரிடமும் காட்டக்கூடாது என்று ஆயர் தடை போட்ட பிறகும் காட்டினார். அவ்வளவுதான் குற்றம்!

இவர் வலென்சியென் என்ற ஊரைச் சேர்ந்தவர். அன்றைக்கு அது எய்னோ என்ற சிற்றரசில் இருந்தது. இன்று பிரான்சின் வடக்கே, பெல்ஜியம் எல்லையருகே இருக்கிறது. பிறந்த ஆண்டு, பெற்றோர், படிப்பு பற்றியெல்லாம் எந்த ஆவணத்திலும் குறிப்பு இல்லை. அவர் வாழ்க்கையைப் பற்றித் தெரிவதில் பெரும்பகுதி அவரைத் தண்டித்தவர்கள் எழுதி வைத்ததுதான். அவர்கள் அவரை 'பெகின்' என்று குறிப்பிடுகிறார்கள்.

பெகின் என்றால் யார்? 13-ஆம் நூற்றாண்டில் வட ஐரோப்பிய நகரங்களில் நிறையப் பெண்கள் திருமணமும் செய்யாமல், கன்னியர் மடத்திலும் சேராமல், சேர்ந்து வாழ்ந்து, நெசவு போன்ற வேலைகள் செய்து, நோயாளிகளைக் கவனித்து, ஜெபத்தில் காலம் கழித்தார்கள். நிரந்தர வார்த்தைப்பாடு கிடையாது. விரும்பினால் விலகிப் போகலாம். அப்பாவுக்கோ கணவனுக்கோ மடத்துத் தலைவிக்கோ கட்டுப்படாத பெண்கள் என்றால் ஊருக்குச் சந்தேகம் வராமல் இருக்குமா? வந்தது. அதிலும் மார்கெரித் பெகின்களிலேயே தனித்துத் திரிந்தவர் போலிருக்கிறது. பெகின்களும் தன்னைத் தவறு என்கிறார்கள் என்று புத்தகத்திலேயே எழுதியிருக்கிறார்.

புத்தகத்தின் பெயர் 'எளிய ஆன்மாக்களின் கண்ணாடி'. இறையியல் என்றால் லத்தீன் என்று இருந்த காலத்தில் இவர் பிரெஞ்சில் எழுதினார். நாடகம் மாதிரி அன்பு, ஆன்மா, அறிவு ஆகிய மூன்றும் பாத்திரங்களாக வந்து பேசிக்கொள்கின்றன. பாவம் அறிவு! எதைச் சொன்னாலும் அதற்குப் புரிவதில்லை. கேள்வி மேல் கேள்வி கேட்டு, கடைசியில் ஓர் இடத்தில் அதிர்ச்சியிலேயே செத்துப் போகிறது.

தொடக்கத்திலேயே ஒரு கதை வருகிறது. தூரதேசத்து இளவரசி ஒருத்தி அலெக்சாந்தர் மன்னரின் பெருந்தன்மையைக் கேள்விப்பட்டுக் காதல் கொள்கிறாள். அவரைப் பார்க்க வழியில்லை. அதனால் மனதில் இருக்கும் உருவத்தை ஓவியமாக வரையச் செய்து, அதைப் பார்த்து ஆறுதல் அடைகிறாள். ஆன்மாவுக்கும் கடவுளுக்கும் இடையே உள்ள தூரம் இப்படிப்பட்டது, இந்தப் புத்தகம் அந்த ஓவியம் போன்றது என்கிறார் மார்கெரித்.

அதன்பின் ஆன்மா ஏழு படிகளில் ஏறுகிறது. முதலில் கட்டளைகள், நோன்பு, நற்செயல். ஐந்தாவது, ஆறாவது படிகளில் ஆன்மாவுக்குத் தன் விருப்பம் என்று ஒன்றுமே இருப்பதில்லை. சொர்க்கம் வேண்டும் என்ற ஆசையும் இல்லை, நரகம் பற்றிய பயமும் இல்லை. ஏழாவது படி சாவுக்குப் பிறகுதான்.

இந்த நிலையை அடைந்த ஆன்மா புண்ணியங்களிடமிருந்து விடைபெற்றுவிடுகிறது என்று அவர் எழுதினார். வம்பு இங்கேதான் ஆரம்பித்தது. ஒழுக்கமே வேண்டாம் என்கிறாளா இந்தப் பெண்? பூசை, நோன்பு, பாவசங்கீர்த்தனம் எல்லாம் எதற்கு என்கிறாளா? போதாததற்கு அறிவின் ஆட்சியில் இருக்கும் திருச்சபையைச் 'சிறிய திருச்சபை' என்றும், அன்பில் வாழும் ஆன்மாக்களைப் 'பெரிய திருச்சபை' என்றும் பிரித்து வேறு எழுதியிருந்தார். அதிகாரத்தில் இருப்பவர்களுக்குக் கோபம் வந்ததில் ஆச்சரியமில்லை.

காம்ப்ரே ஆயர் கீ என்பவர் (பதவிக்காலம் 1296-1306) வலென்சியென் ஊரிலேயே, மார்கெரித்தின் கண்ணெதிரே, அந்தப் புத்தகத்தை எரித்தார். இனி இதைப் பரப்பினால் தண்டனை என்று எச்சரித்தார். மார்கெரித் அடங்கவில்லை. ஒரு பிரான்சிஸ்கன் துறவி, ஒரு சிஸ்டர்சியன் துறவி, பாரிஸின் புகழ்பெற்ற இறையியல் பேராசிரியர் கோட்ஃப்ரே என்று மூன்று பேரின் பாராட்டு அவர் புத்தகத்துக்குக் கிடைத்திருந்தது. (நல்ல புத்தகம்தான், ஆனால் நிறையப் பேர் படிக்க வேண்டாம் என்பது அந்தப் பாராட்டிலேயே இருந்த எச்சரிக்கை!) ஷாலோன் ஆயருக்கும் ஒரு பிரதி போனது.

1308-இல் அவர் பாரிஸில் சிறை வைக்கப்பட்டார். வழக்கை நடத்தியவர் கியோம் என்ற தோமினிக்கன் துறவி. மத விசாரணை அதிகாரி. மன்னர் நான்காம் பிலிப்பின் ஆன்ம குருவும் அவரே. 1307-இல் டெம்ப்ளர் வீரர்கள் நாடு முழுவதும் ஒரே நாளில் கைது செய்யப்பட்டார்களே, அந்த வழக்கிலும் இவர் கை இருந்தது. 1310 மே 12 அன்று 54 டெம்ப்ளர்கள் பாரிஸுக்கு வெளியே எரிக்கப்பட்டார்கள். மூன்றே வாரத்தில் மார்கெரித்.

சுமார் ஒன்றரை ஆண்டு சிறையில் இருந்தும் அவர் விசாரணைக்கு ஒத்துழைக்கவே இல்லை. சத்தியப்பிரமாணம் செய்யச் சொன்னார்கள், மறுத்தார். கேள்வி கேட்டார்கள், பதில் இல்லை. அவருக்காகப் பேச வந்த கியார் என்பவரும் கைதானார். உயிருக்கு ஆபத்து என்றதும் பணிந்து, ஆயுள் சிறையோடு தப்பினார். மார்கெரித் கடைசி வரை வாய் திறக்கவில்லை. ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டிருந்தால் அவரும் பிழைத்திருக்கலாம். தன் விருப்பம் என்று எதுவுமே மிச்சமில்லாத நிலையைப் பற்றி எழுதியவர் உயிருக்காகப் பேரம் பேசவில்லை என்பதை அவருடைய பிடிவாதம் என்று மட்டும் சொல்லிவிட முடியாது.

1310 ஏப்ரலில் 21 இறையியல் அறிஞர்கள் கூடித் தீர்ப்பு சொன்னார்கள். அவர்கள் முன் வைக்கப்பட்டது முழுப் புத்தகம் அல்ல. அதிலிருந்து பிய்த்தெடுத்த சில பகுதிகள்! ஓர் உதாரணம். அந்த ஆன்மா தன் இயற்கை கேட்பதையெல்லாம் உறுத்தல் இல்லாமல் கொடுக்கலாம் என்ற கருத்தைக் குற்றமாக அக்கால வரலாற்றுக் குறிப்பு ஒன்று காட்டுகிறது. ஆனால் புத்தகத்தில் தொடர்ந்து வருவது என்ன? அப்படிப்பட்ட ஆன்மாவின் இயற்கை மிகவும் ஒழுங்குபட்டுவிட்டதால் தகாத எதையும் அது கேட்பதே இல்லை என்று வருகிறது. அந்தப் பின்பாதியை வெட்டிவிட்டால் எவரையும் குற்றவாளி ஆக்கிவிடலாமே!

அவர் இறந்த விதத்தைப் பார்த்துக் கூட்டத்தில் பலர் கண்ணீர் விட்டார்கள் என்று எழுதியதும் அவருக்கு அனுதாபம் இல்லாத அதே வரலாற்றுக் குறிப்புதான்.

புத்தகத்தை வைத்திருப்பவர்கள் எல்லாரும் ஒப்படைக்க வேண்டும், இல்லையேல் சபை நீக்கம் என்று கியோம் உத்தரவிட்டார். 1311-12-இல் கூடிய வியென் பொதுச்சங்கம் பெகின்களைக் கண்டித்தது. அங்கே பட்டியலிட்ட தவறுகளில் சில இந்தப் புத்தகத்தை வைத்தே எழுதப்பட்டவை என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து. ஆனால் அதே 1311-இல் மாபெரும் ஞானி எக்கார்ட் பாரிஸில் பாடம் சொல்ல வந்து, கியோம் இருந்த அதே மடத்தில் தங்கினார். எதையும் வேண்டாத ஆன்ம வறுமை பற்றிய அவருடைய பிரசங்கத்தில் மார்கெரித்தின் சாயலைப் பலர் காண்கிறார்கள். எக்கார்ட்டின் 28 கருத்துகளும் 1329-இல் போப்பாண்டவரால் கண்டிக்கப்பட்டன என்பது வேறு கதை.

புத்தகம் அழியவில்லை. லத்தீன், இத்தாலியம், ஆங்கிலம் என்று பரவியது. எப்படி? ஆசிரியர் பெயர் காணாமல் போனதால்தான்! எழுதியது ஒரு பெண், அதுவும் எரிக்கப்பட்டவர் என்பது தெரியாமல் துறவிகளே மடங்களில் உட்கார்ந்து பிரதி எடுத்தார்கள். 1491-இல் ரிச்சர்ட் மெத்லி என்ற ஆங்கிலேயக் கார்த்தூசியன் துறவி அதை மெனக்கெட்டு ஆங்கிலத்திலிருந்து லத்தீனுக்கு மாற்றினார். 1927-இல் வெளிவந்த ஆங்கிலப் பதிப்பு கத்தோலிக்கத் திருச்சபையின் முறையான அச்சு அனுமதியோடு, 'பெயர் தெரியாத பிரெஞ்சு ஞானி' எழுதியதாக வந்தது! தத்துவ அறிஞர் சிமோன் வெய்ல் தன் கடைசி நாட்களில் அதைப் படித்தார். அவருக்கும் ஆசிரியர் யாரென்று தெரியாது.

ரோமானா குவார்னியேரி என்ற இத்தாலிய ஆய்வாளர்தான் முடிச்சை அவிழ்த்தார். வத்திக்கான் நூலகத்தில் இருந்த லத்தீன் பிரதியையும் பாரிஸ் வழக்கு ஆவணத்தில் இருந்த குற்றப் பகுதிகளையும் ஒப்பிட்டார். வரிகள் பொருந்தின. புத்தகத்தை ஒழிப்பதற்காக எழுதி வைத்த ஆவணமே அதன் ஆசிரியரைக் காட்டிக் கொடுத்தது. 1946 ஜூன் மாதம், வத்திக்கானின் நாளிதழிலேயே, அந்தப் பெயரை அவர் வெளியிட்டார்.