தோப்பியும் பர்பனும்

அமெரிக்காவில் வாழும் என் கல்லூரிக் கால நண்பர் ஒருவர் அண்மையில் சென்னைக்கு வந்திருந்தார். ஒரு மாலை ஊரூர் ஒல்காட் குப்பத்துக் கடற்கரையில் நடந்தபோது, தாம் மாதந்தோறும் கலந்துகொள்ளும் 'பர்பன்' கூடுகையைப் பற்றிச் சொன்னார். ஆளுக்கொரு புட்டி கொண்டுவருவார்களாம். சிறிதளவு ஊற்றி, முகர்ந்து, நாவில் நிறுத்தி, ஒன்றோடு ஒன்றை ஒப்பிடுவார்களாம். ஒன்றில் வெனிலா மணம், மற்றொன்றில் கருகிய சர்க்கரை, வேறொன்றில் புகையிலை. "குடிப்பதைவிடப் பேசுவதுதான் அதிகம்" என்றார். பிறகு, "நம்மவர்களிடம் இப்படியொரு ரசனை எப்போதாவது இருந்திருக்கிறதா?" என்று கேட்டார். தமிழாசிரியனிடம் கேட்கக்கூடாத கேள்வி இது. விடை நீண்டுவிடும்.

நாங்கள் நின்றிருந்த இடத்தின் பெயரிலேயே ஓர் அமெரிக்கர் இருக்கிறார். நியூ ஜெர்சியில் 1832இல் பிறந்த ஹென்றி ஸ்டீல் ஒல்காட், 1882இல் பிரம்மஞான சபையை அடையாற்றுக்குக் கொண்டுவந்தவர். 1907இல் அங்கேயே மறைந்தவர். பஞ்சமர் குழந்தைகளுக்கு அவர் தொடங்கிய பள்ளியைப் பலர் அறிவர். அவருடைய முந்தைய வாழ்க்கை அவ்வளவாக அறியப்படாதது. இளமையில் அவர் வேளாண் அறிஞர். சர்க்கரைச் சோளத்தைப் பற்றி 1857இல் ஒரு நூல் எழுதினார். அந்தத் தட்டையிலிருந்து சர்க்கரையும் பாகும் மட்டுமன்றிச் சாராயமும் பீரும் செய்வது பற்றியும் அதன் நெடிய தலைப்பே அறிவிக்கிறது. அதே மனிதர் 1880 மே மாதம் இலங்கையின் காலி நகரில் பஞ்சசீலம் ஏற்றார். மயக்கம் தருவனவற்றை விலக்குவது அதன் ஐந்தாம் சீலம். காய்ச்சும் நூலும் விலக்கும் நோன்பும் ஒரே வாழ்வில் அமைந்தன. தமிழகத்தின் வரலாறும் ஏறக்குறைய அப்படித்தான்.

பர்பனுக்கு அமெரிக்கச் சட்டம் வகுத்த இலக்கணம் எளியது. தானியக் கலவையில் குறைந்தது 51 விழுக்காடு மக்காச்சோளம் இருக்கவேண்டும். உட்புறம் கருக்கப்பட்ட புதிய ஓக் மரப் பீப்பாயில் முதிரவேண்டும். அது தங்கள் நாட்டுக்கே உரிய பானம் என்று 1964இல் அமெரிக்கக் காங்கிரஸ் தீர்மானமே நிறைவேற்றியது. சோளத்தின் மாவுச்சத்து தானாகப் புளிக்காது. முளைகட்டிய பார்லியைச் சேர்த்து அதை முதலில் சர்க்கரையாக்கவேண்டும். நண்பர் இதை விளக்கிக்கொண்டிருந்தபோது எனக்குப் பெரும்பாணாற்றுப்படை நினைவுக்கு வந்தது.

கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய அந்நூலின் தலைவன் காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையன். பாணன் நடக்கும் வழி தொண்டை நாட்டு வழி. நாங்கள் நடந்துகொண்டிருந்ததும் அந்நாட்டின் ஒரு கரைதான். வழியில் வலைஞர் குடியிருப்பு வருகிறது. இவர்கள் குளத்து மீன் பிடிப்பவர்கள், கடல் மீனவர் அல்லர். அங்கே கிடைக்கும் மதுவின் செய்முறையைப் புலவர் படிப்படியாகச் சொல்கிறார். குற்றாத அரிசியைக் களியாகத் துழாவி, வாயகன்ற தட்டில் ஆற்றி, நல்ல அடையைக் கலந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் வலிய வாயுடைய சாடியில் விளையவிட்டு, விரலால் அலைத்துப் பிழியவேண்டும். சுட்ட மீனோடு அதைப் பெறுவாய் என்று பாணனுக்கு ஆசை காட்டுகிறார். அந்த அடை முளைத்த நெல்லை இடித்துச் செய்தது என்று பொருள்கொள்வது வழக்கு. அது சரியானால், கென்டக்கியில் பார்லி முளை செய்யும் வேலையை இங்கே நெல்முளை செய்திருக்கிறது. இதே நூலில் முல்லை நிலத்தை ஒட்டிய பகுதியில், வீட்டிலேயே சமைக்கும் நெற்கள்ளுக்குத் 'தோப்பி' என்று பெயர் வருகிறது.

இதே புலவர் பாடியதாகக் கொள்ளப்படும் பட்டினப்பாலையில் கடல் மீனவர் வருகின்றனர். முழுநிலா நாளில் கடலுக்குப் போகாமல், தாழம்பூச் சூடிப் பனங்கள் பருகி விளையாடுகிறார்கள். இரவில் நகரப் பெண்கள் மட்டினை விலக்கி மதுவை நாடுகிறார்கள். ஒன்றை விட்டு மற்றொன்றைத் தேர்ந்தெடுப்பது என்றால், இரண்டையும் சுவைத்து வேறுபாடு அறிந்தவர்கள் என்றுதானே பொருள்?

கள், நறவு, தேறல், தோப்பி, மட்டு, பிழி, அரியல், வேரி, நனை. இவை எல்லாம் ஒரே பொருளுக்குப் பல பெயர்கள் என்று நான் நம்பவில்லை. பிழி என்பது பிழிந்தது, அரியல் என்பது அரித்தது, தேறல் தெளிந்தது. செய்கையே பெயராகியிருக்கிறது. மலைநாட்டுத் தேறல் மூங்கிற் குழாயில் முதிர்ந்ததைத் திருமுருகாற்றுப்படை சொல்லும். மண்ணில் புதைத்து முதிரவைத்ததைக் கபிலரின் புறப்பாட்டு சொல்லும் (120). ஓக் பீப்பாய்க்கு முன்னோடி என்று பெருமை பேச வரவில்லை. முதிர்ச்சிக்குக் கலனும் காலமும் வேண்டும் என்ற அறிவு இங்கும் இருந்தது, அவ்வளவுதான். ஒப்பீட்டு மொழியும் இருந்தது. நாள்பட்ட தேறல் ஏறும் விதத்தைத் தேளின் கடுப்புக்கு ஒப்பிட்டார் ஔவை (புறம் 392). சிறுபாணாற்றுப்படைப் புலவருக்கு அது சினந்த பாம்பாகத் தெரிந்தது. வெனிலா, புகையிலை என்பதைவிட இவை துல்லியமானவை என்று நண்பரிடம் சொன்னேன். சிரித்தார்.

அயல்நாட்டுச் சரக்கும் வந்திறங்கியிருக்கிறது. யவனர் நல்ல கலங்களில் கொண்டுவந்த குளிர்ந்த நறுந்தேறலை மகளிர் பொற்கிண்ணத்தில் ஊற்றித்தரப் பாண்டியன் நன்மாறன் பருகுவதை நக்கீரர் பாடினார் (புறம் 56). புதுச்சேரிக்கருகே அரிக்கமேட்டில் 1945இல் மார்ட்டிமர் வீலர் நடத்திய அகழாய்வில் மத்தியதரைக் கடற்பகுதி மதுச்சாடிகளின் உடைந்த துண்டுகள் கிடைத்தன.

பகிர்தலைப் பற்றியும் நண்பர் கேட்டார். அதியமான் இறந்தபின் ஔவை பாடிய கையறுநிலை இருக்கிறது (புறம் 235). கள் சிறிதளவு கிடைத்தால் எங்களுக்கே தந்துவிடுவான், பெரிதளவு கிடைத்தால் நாங்கள் பாட எங்களோடு மகிழ்ந்து உண்பான் என்று அவன் நட்பைக் கள்ளின் அளவை வைத்தே சொல்லத் தொடங்குகிறாள். கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரம் ஒதுக்கிய வள்ளுவரும், காமத்துப்பாலில் கள்ளையும் காமத்தையும் ஒப்பிட்டு, உண்டால்தான் கள் மகிழ்விக்கும், காமமோ கண்டாலே மகிழ்விக்கும் என்கிறார். விலக்கியவருக்கும் பொருள் தெரிந்தே இருந்தது.

அப்படியானால் இந்த ரசனை எங்கே போனது? விடையின் ஒரு பகுதி கள்ளின் இயல்பிலேயே உள்ளது. இறக்கிய சில மணி நேரத்தில் அது தானே புளிக்கிறது, மறுநாள் காடியாகிவிடுகிறது. சுண்ணாம்பு தடவிய கலயத்தில் இறக்கினால் பதநீர், தடவாவிட்டால் கள். அதைப் பீப்பாயில் முதிரவைக்கவும் முடியாது, தொலைவுக்கு அனுப்பவும் முடியாது. வடித்த சாராயம் கெடாது. வண்டியேறும், கப்பலேறும், கணக்கில் ஏறும். எல்லைப்புற அமெரிக்க உழவன் பாரமான சோளத்தை விஸ்கியாக்கி விற்றதும் அதனால்தான். அரசுகளுக்கும் கெடாத பொருளே வசதி. 1886இல் சென்னை ஆப்காரிச் சட்டம் வந்தது. வீட்டில் தோப்பி சமைப்பது குற்றமாயிற்று; மது உரிமம் பெற்றவனின் சரக்காயிற்று. (அதே ஆண்டில்தான் ஒல்காட் அடையாறு நூலகத்தை நிறுவினார். உ.வே.சா. பத்துப்பாட்டை அச்சிட்டது 1889இல். தோப்பியின் செய்முறை நூலாகக் கைக்கு வந்தபோது அடுப்பில் அதற்கு இடமில்லை.)

பிறகு மதுவிலக்கு. 1937 அக்டோபரில் ராஜாஜி சேலம் மாவட்டத்தில் தொடங்கினார். 1948இல் மாகாணம் முழுவதும் வந்தது. 1971இல் தளர்ந்து, 1974இல் மீண்டும் இறுகி, 1981இல் மறுபடி திறந்தது. 1983இல் டாஸ்மாக் பிறந்தது. 1987இல் கள்ளும் சாராயமும் தடை செய்யப்பட்டன. 2003இல் சில்லறை விற்பனையும் டாஸ்மாக்கின் கைக்கு வந்தது. ஏறக்குறைய ஐந்து விழுக்காடு சாராயச்சத்துள்ள பனங்கள் இன்றும் குற்றம். 'இந்தியாவில் தயாரான அயல்நாட்டு மது' அரசுக் கடையில் கிடைக்கிறது. அந்தப் பெயரே ஒரு முரண்தொடர். அதில் விஸ்கி என்று விற்பதில் பெரும்பகுதி கரும்பாலைக் கழிவுப்பாகிலிருந்து வடித்தது. தானியத்தின் மணத்தை அதில் தேடுவது வீண்.

மதுவிலக்குக் கேட்டவர்களை நான் குறைசொல்லமாட்டேன். மீன்கூடை சுமந்து ஈட்டிய காசு மாலையில் கைமாறுவதைக் கண்ட பெண்களிடம் போய்ப் புறநானூறு பேசுவதற்கு எனக்குத் துணிவில்லை. ஆனால் கள்ளுக்கு ஒரு சட்டம், பிராந்திக்கு ஒரு சட்டம் என்பதை அந்தப் பெண்களும் கேட்கவில்லை. பனை ஏறுபவரின் தொழில் போயிற்று, குடி போகவில்லை. காலையில் இறக்கியதற்கும் மாலையில் இறக்கியதற்கும், தென்னைக்கும் பனைக்கும் வேறுபாடு சொல்லத் தெரிந்த நாக்கு போயிற்று.

வகுப்பில் வலைஞர் பகுதியை நடத்தும்போது பின்வரிசையில் எப்போதும் சிரிப்பு எழும். ஒருமுறை நறவுக்கும் தேறலுக்கும் வேறுபாடு என்ன என்று கேட்டேன். "எல்லாம் சரக்குதான் ஐயா" என்றான் ஒரு மாணவன். கண்டிக்க வாயெடுத்தேன். மேசைமேல் கிடந்த அகராதியை விரித்தேன். இரண்டுக்கும் கள் என்றே போட்டிருந்தது.