சக்கரத்தின் பொறுமை

கொற்கைக்குப் போகிறவர்கள் முத்தை நினைத்துக்கொண்டு போவார்கள். பாண்டியனை நினைத்துக்கொண்டு போவார்கள். நானும் அப்படித்தான் புறப்பட்டேன். ஆனால் போய்த் திரும்பும்போது என் மனத்தில் நிறைந்திருந்தது, ஒரு மோட்டார் வண்டியின் வயிற்றுக்குள்ளே கண்ணுக்குத் தெரியாமல் சுழலும் இரும்புச் சக்கரம்! அது நேர்ந்த விதத்தைச் சொல்லிவிடுகிறேன்.

தூத்துக்குடியில் என் தங்கை மகன் இருக்கிறான். அவனிடம் தகப்பனார் காலத்துப் பழைய பியட் வண்டி ஒன்று உண்டு. மோட்டார்ப் பந்தயம் என்றால் அவனுக்கு உயிர். "மாமா, வண்டியில் ஒரு வேலை செய்திருக்கேன். இப்பொ தொட்டால் பறக்கும், பாருங்க!" என்றான். பின் ஆசனத்தில் என் தங்கையும் அவள் பேரக் குழந்தையும் ஏறிக்கொண்டார்கள். திருச்செந்தூர்ச் சாலையில் வண்டி உண்மையாகவே பறந்தது. காலை அழுத்தியதும் எஞ்சின் சீறிய சீற்றத்தைக் கண்டு, வயதானவன் என்பதையும் மறந்து நான் கை தட்டினேன்.

கொற்கைக்குப் பிரியும் குறுகிய பாதையில், வாய்க்கால் பாலத்தின் ஏற்றத்தில், எதிரே வந்த மாடுகளுக்காக வண்டியை நிறுத்தினான். மறுபடி கிளப்பியபோது 'டுப்' என்று எஞ்சின் நின்றது. இன்னொரு முறை கிளப்பினான். இன்னொரு முறை நின்றது. வண்டி பின்னால் உருளத் தொடங்கியது. பின்னால் ஒரு லாரி. என் தங்கை குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு "முருகா!" என்று அலறினாள். கைப் பிரேக் பிடித்துக்கொண்டது. லாரிக்கும் எங்களுக்கும் நடுவே ஒரு முழ இடைவெளிதான் இருந்தது.

அப்போதுதான் அவன் செய்த வேலை வெளியாயிற்று. எஞ்சினின் பிளைவீலைக் கழற்றி, லேத் பட்டறையில் கொடுத்து, பாதிக்குப் பாதி கடைந்து இளைக்கவைத்திருக்கிறான்!

ஊருக்குள் போய் இறங்கியபோது ஒருவரும் பேசவில்லை. கொற்கையில் பார்ப்பதற்கு இப்போது ஒரு கிராமமும், ஒரு குளமும், மிகப் பழையது என்று ஊரார் சொல்லும் வன்னி மரமும்தான் இருக்கின்றன. கிரேக்க மாலுமிகளின் நூலில் 'கொல்கை' என்று பெயர் பெற்ற துறைமுகம் இது. தாமிரபரணி கொண்டுவந்து கொட்டிய வண்டல், கடலைக் கிழக்கே தள்ளிவிட்டது. 1968-69-ல் தமிழகத் தொல்லியல் துறையினர் இங்கே தோண்டினார்கள். கிடைத்த கரித்துண்டு ஒன்றுக்குக் கி.மு. 785-ஐ ஒட்டிய காலம் கணிக்கப்பட்டது. கறுப்புச் சிவப்புப் பானை ஓடுகளும் கிடைத்தன. முத்து அரசனுக்குப் போயிற்று. வணிகனோடு கப்பல் ஏறிற்று. ஊரில் தங்கியது ஓடுதான்.

பாதையோரத்தில் பழைய ஓட்டுத் துண்டு ஒன்று கிடந்தது. எந்தக் காலத்து ஓடோ! குனிந்து பார்த்தேன். உட்புறத்தில் மயிரிழை போன்ற வரிகள், ஒன்றுக்கொன்று இணையாக ஓடின. சக்கரத்தில் வனைந்த பானை என்பதற்கு அதுவே கையெழுத்து.

எனக்கு எங்கள் ஊர் வேளார் வீட்டுத் திண்ணை ஞாபகத்துக்கு வந்தது. வண்டிச் சக்கரம்போன்ற பெரிய சக்கரம். அதன் விளிம்பில் நாரும் மண்ணும் குழைத்து அப்பியிருப்பார். துளையில் கோலை ஊன்றி நாலைந்து முறை சுழற்றிவிட்டுக் கோலை எடுத்துவிடுவார். இரண்டு கையும் மண்ணுக்குப் போய்விடும். அதற்குப் பிறகு சுழற்ற யாரும் இல்லை. தான் வாங்கிய வேகத்தைச் சக்கரமேதான் சேமித்துவைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கவேண்டும். சக்கரம் இலேசாயிருந்தால், பானைக்குக் கழுத்துப் பிடிக்கும் முன்பே நின்றுவிடும். விளிம்பில் அப்பிய மண் வீண் சுமையல்ல, ஐயா! அதுதான் சக்கரத்தின் பொறுமை.

"உன் பிளைவீலுக்கும் இதுதான் தாத்தா" என்றேன் மருமானிடம்.

"என்ன மாமா சொல்லுதிய?" என்று விழித்தான்.

அவனுக்குச் சொன்னதை வாசகர்களுக்கும் சொல்கிறேன். எஞ்சின் இடைவிடாமல் தள்ளுவதில்லை. விட்டு விட்டு உதைக்கிறது. ஓர் உதைக்கும் அடுத்த உதைக்கும் நடுவில் எஞ்சினை நிற்கவிடாமல் சுழற்றிச் செல்வது பிளைவீல். ஜேம்ஸ் வாட் 1780-களில் நீராவி எஞ்சினைச் சக்கரம் சுழற்ற வைத்தபோது கனத்த பிளைவீலையும் உடன் சேர்த்தார். அந்த எஞ்சின்கள்தாம் பிறகு நூல் ஆலைகளுக்குப் போயின. வேகம் கூடிக் குறைந்தால் நூல் அறும்; ஆகையால் பழைய நீராவி ஆலைகளில் ஆள் உயரத்தையும் மிஞ்சிய பிளைவீல்கள் சுழன்றன. 1908-ல் வ. உ. சிதம்பரம் பிள்ளை முன்னின்ற வேலைநிறுத்தத்தால் தூத்துக்குடிக் கோரல் மில்லை நாடறியும். அந்தக் காலத்து ஆலைத் தொழிலாளியின் நாளெல்லாம் இத்தகைய சக்கரத்தின் தாளத்துக்கே ஓடியது. 1955-ல் சென்னையில் உற்பத்தி தொடங்கிய புல்லட் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒற்றைச் சிலிண்டர், இரண்டு சுற்றுக்கு ஓர் உதை. அது நின்று நிதானித்து 'டப், டப்' என்று போவது கனத்த பிளைவீலின் தயவினால்தான்.

அப்படியானால் அதை இளைக்கவைப்பவர்கள் மூடர்களா? இல்லை. அவர்கள் பக்கத்து நியாயத்தையும் தராசில் வைக்கவேண்டும். வேகத்தைச் சேமிக்கும் சக்கரம், வேகம் பிடிக்கும்போது முதலில் தன் பங்கைக் கேட்கிறது. வண்டியை ஓட்டவேண்டிய சக்தியில் ஒரு பகுதி சக்கரத்தைச் சுழற்றவே போகிறது. சென்னைக்கு அருகே சோழவரத்தில், உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளத்தில், 1953-ல் தோன்றிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் நெடுங்காலம் பந்தயங்கள் நடத்தியது. அத்தகைய களத்தில், வளைவிலிருந்து வெளிப்படும் ஒரு கணமே வெற்றி தோல்வியை முடிவுகட்டும். எஞ்சின் சட்டென்று சீறவேண்டும். கியர் மாற்றும்போது சட்டென்று இறங்கவேண்டும். உலகெங்கும் பந்தயக்காரர்கள் பிளைவீலைக் குறைப்பது இதற்காகத்தான்.

எவ்வளவு லாபம் என்பதற்கும் கணக்கு உண்டு. மையத்திலிருந்து 12 சென்டிமீட்டர் தள்ளி 4 கிலோ இரும்பைக் கடைந்து எடுத்ததாக வைத்துக்கொள்வோம். டயரின் மையத்திலிருந்து விளிம்புக்கு 30 சென்டிமீட்டர். முதல் கியரில் டயர் ஒரு சுற்றுச் சுற்ற எஞ்சின் 14 சுற்றுச் சுற்றுமானால், வேகம் பிடிக்கையில் அந்த 4 கிலோ, வண்டியிலிருந்து ஏறக்குறைய 125 கிலோவை இறக்கியதற்குச் சமம். இரண்டு பெரியவர்கள் இறங்கிக்கொண்டதுபோல! ஆனால் எஞ்சின் 4 சுற்றே சுற்றும் கடைசிக் கியரில் அதே லாபம் 10 கிலோவாகச் சுருங்கிவிடும். ஒரு சிறு அரிசி மூட்டை. ஒரே வேகத்தில் போகும்போதோ ஒன்றுமே இல்லை. எஞ்சினின் குதிரைசக்தி கடுகளவும் கூடுவதில்லை.

நஷ்டமோ ஒவ்வொரு தெருமுனையிலும் காத்திருக்கிறது. வண்டி நிற்கும்போது எஞ்சின் நடுங்கும். கிளச்சை விடும் அந்த நொடியில் கடன் கொடுக்கச் சேமிப்பு இல்லாமல் எஞ்சின் நின்றுபோகும். நிற்காமலிருக்க அதிகமாக முடுக்கி, கிளச்சைத் தேய்த்து ஓட்டவேண்டும். அந்தத் தேய்மானத்தின் சூட்டை வாங்கிக்கொள்ளவும் இரும்பு குறைவு. இக்காலத்து வண்டிகள் பலவற்றில் நடுவே சுருள்வில் வைத்த இரட்டைப் பிளைவீல் இருக்கிறது. அதை எடுத்துவிட்டு ஒற்றைச் சக்கரம் போட்டால் கியர்ப்பெட்டி கடகடக்கும். எல்லாவற்றிலும் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. வார்ப்பிரும்புச் சக்கரத்தை மனம்போல மெலியக் கடைந்தால், நிமிஷத்துக்கு ஆயிரக் கணக்கில் சுழலும்போது அது வெடித்துச் சிதறலாம். அதன் துண்டுகள் காலடித் தகட்டைத் துளைத்துக்கொண்டு வரும். பந்தயத்துக்கென்றே எஃகில் செய்து, சோதித்து விற்கும் சக்கரம் வேறு. பட்டறையில் இளைத்த பழைய சக்கரம் வேறு.

"அப்பொ கனம்தான் நல்லதா, மாமா?" என்று கேட்டான்.

குளக்கரையில் உட்கார்ந்து இந்தக் கடற்கரையின் குளியாட்களைப் பற்றிச் சொன்னேன். தூத்துக்குடிக் கடலில் கடைசியாகப் பெரிய முத்துக்குளிப்பு நடந்தது 1961-ல். பழைய முறையில் குளியாள் கயிறு கட்டிய கல்லின்மேல் கால் வைத்து இறங்குவான். கல் இல்லாவிட்டால் அடித்தளம் சேருவதற்குள் பாதி மூச்சு தீர்ந்துவிடும். தரையைத் தொட்டதும் கல்லை விட்டுவிடுவான். தோணியில் நிற்பவன் அதை மேலே இழுத்துக்கொள்வான். இறங்குகிறவனுக்கு உயிரான அதே கல், ஏறுகிறவன் காலில் இருந்தால் எமன்.

"கனத்துக்கு நன்மை தீமை கிடையாதடா. எந்த நேரத்துக்கு, யாருக்காக என்பதுதான் கேள்வி. பந்தயத்தில் நீ தனியாக இருக்கிறாய், தலைக்கவசம் போட்டிருக்கிறாய், நின்றுபோனால் தோல்வி மட்டும்தான். வாய்க்கால் பாலத்தில் உன் பின்னால் உன் அம்மா இருந்தாள்."

அவன் பதில் பேசவில்லை. தன் தாயார் வன்னி மரத்தடியில் குழந்தைக்கு விளையாட்டுக் காட்டிக்கொண்டிருந்ததையே பார்த்துக்கொண்டிருந்தான். திரும்பும் வழியில் அந்தப் பாலம் வந்தபோது எங்கள் எல்லோரையும் இறங்கி நடக்கச் சொல்லிவிட்டு, வண்டியைத் தனியாக ஏற்றிக் கடந்தான்.

பத்து நாள் கழித்து அவனிடமிருந்து செய்தி வந்தது. வேறு ஒரு பழைய வண்டியிலிருந்து முழுக் கனமுள்ள பிளைவீல் ஒன்றைத் தேடிப் பிடித்து மாட்டிவிட்டானாம். கியர்ப்பெட்டியையே இறக்கி ஏற்ற வேண்டியிருந்ததால் செலவு இரட்டிப்பாம். "வண்டி மந்தமாயிருக்கு, மாமா. ஆனால் அம்மா இப்பொ கூப்பிட்டால் ஏறுதாள்" என்று முடித்திருந்தான்.

கடைந்த சக்கரத்தை என்ன செய்தான் என்று கேட்டேன். வீட்டு முற்றத்தில் துளசிப் பானைக்கு அடியில் வைத்திருக்கிறானாம். மண்பானையைத் தாங்குவதற்கு அந்தக் கனம் போதுமாம்.